கண்ணில் இறங்கிய நீர்: ஒரு ஸஜ்தாவின் கேள்வியும் கண்புரை மருத்துவத்தின் வரலாறும்



திருக்குர்ஆன் விரிவுரையாளர்களின் தலைவராக மதிக்கப்படும் நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள், ஹிஜ்ரி 68இல் தாயிஃப் நகரில் மறைந்தார்கள். வாழ்நாளின் இறுதிப் பகுதியில் அவர்கள் பார்வை இழந்திருந்தார்கள். அவர்களின் கண்ணில் ‘நீர் இறங்கியபோது’ மருத்துவர் ஒருவர் வந்து, ஏழு நாட்கள் மல்லாந்து படுத்தவாறே தொழுவதற்குச் சம்மதித்தால் கண்ணைக் குணப்படுத்த முயல்வதாகக் கூறினார் என்று ஃபிக்ஹு நூல்களில் ஓர் அறிவிப்பு காணப்படுகிறது. இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் யார் யாரிடம் கருத்துக் கேட்டார்கள் என்பதில் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. ஆயினும் முடிவு ஒன்றுதான். நெற்றியைத் தரையில் வைக்காமல் ஏழு நாட்களைக் கழிக்க அவர்களின் மனம் ஒப்பவில்லை. சிகிச்சையைக் கைவிட்டார்கள்.

நோயாளியின் தொழுகை பற்றிய பாடத்தை நடத்தும்போது இந்நிகழ்வைப் பல ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். அது ஒருநாள் என் வீட்டுக் கூடத்திலேயே எழுந்து நிற்கும் என்று நான் எண்ணியதில்லை. என் உம்மாவுக்கு இரு கண்களிலும் புரை முற்றியிருப்பதாக மருத்துவர் சொன்னபோது, அறுவை சிகிச்சைக்கு அவர் இணங்கவில்லை. “இப்னு அப்பாஸ் நாயகமே வேண்டாம் என்று சொன்னதை நான் செய்வதா? ஒரு வாரம் ஸஜ்தா இல்லாமல் எப்படி இருப்பேன்?” என்று கேட்டார். பார்வை இழந்து பொறுமை காப்பவருக்குச் சுவனம் உண்டு என்ற நபிமொழியின் நற்செய்தியையும் நினைவூட்டினார். இரண்டுமே என்னிடமிருந்து அவர் கேட்டறிந்தவை.

இக்கட்டுரை அவருக்கு விடை சொல்வதற்காக நான் தேடிப் படித்தவற்றின் தொகுப்பு.

ஏன் ஏழு நாட்கள்?

அக்காலத்தில் கண்புரைக்குச் செய்யப்பட்ட சிகிச்சை இன்றைய அறுவையிலிருந்து முற்றிலும் வேறானது. கூரிய ஊசி ஒன்றைக் கண்ணின் வெள்ளைப் பகுதியில் செலுத்தி, மங்கிப்போன விழிவில்லையைக் கண்மணியின் பின்புறத்திலிருந்து கீழே தள்ளிவிடுவார்கள். வில்லை வெளியே எடுக்கப்படுவதில்லை. கண்ணுக்குள்ளேயே அடியில் கிடக்கும். ஒளி செல்ல வழி திறப்பதால் நோயாளிக்கு மங்கலாகவேனும் உருவங்கள் தெரியும். இந்தியாவில் சுசுருதரின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல் இம்முறையை விவரிக்கிறது. கிரேக்க உலகிலும் உரோம உலகிலும் இது அறியப்பட்டிருந்தது.

தள்ளப்பட்ட வில்லை தலை அசைந்தால் மீண்டும் மேலெழுந்து கண்மணியை மறைத்துவிடும். அதனால்தான் நோயாளி கண்கள் கட்டப்பட்டு, இருட்டறையில், அசையாமல் மல்லாந்து கிடக்க வேண்டியிருந்தது. ருகூஃவும் ஸஜ்தாவும் அந்த நாட்களில் கண்ணைக் கெடுக்கும் அசைவுகள். ஏழு நாள் நிபந்தனை அக்காலக் கருவியின் குறையிலிருந்து பிறந்தது.

இந்தச் சிகிச்சை பரவலாக இருந்ததற்கு ஃபிக்ஹு நூல்களே சான்று. கண்ணிலிருந்து நீர் அகற்றும் சிகிச்சைக்காக மல்லாந்து தொழுவதை இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் விரும்பவில்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்), ஸுஃப்யான் அஸ்ஸவ்ரீ (ரஹ்) ஆகியோர் அனுமதித்தார்கள். ஹன்பலி மத்ஹபும் அனுமதியின் பக்கமே நின்றது. ஷாஃபிஈ மத்ஹபில் இரு கருத்துகள் இருந்தாலும், நம்பிக்கைக்குரிய மருத்துவர் சொன்னால் அவ்வாறு தொழலாம் என்பதே வலுவான கருத்தாக ஏற்கப்பட்டது. நம் தமிழகத்து முஸ்லிம்கள் பெரும்பாலும் ஹனஃபிகளாகவோ ஷாஃபிஈகளாகவோ இருப்பதால், உம்மாவின் முதல் அச்சத்துக்குரிய விடை நம் நூல்களிலேயே நெடுங்காலமாக இருந்திருக்கிறது. நான் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் நிகழ்வைச் சொல்லிவிட்டு, அதற்கடுத்த பக்கத்தை வீட்டில் சொல்லாமல் விட்டிருந்தேன்.

மோஸுல் நகரத்து ஊசி

அரபு மருத்துவர்கள் இந்நோயை ‘நுஸூலுல் மாஃ’ என்று அழைத்தார்கள். நீர் இறங்குதல் என்பது பொருள். மூளையிலிருந்து ஒரு திரவம் இறங்கி, கண்மணிக்குப் பின்னே உறைந்துவிடுகிறது என்று கருதியதால் அப்பெயர். பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த ஆப்பிரிக்காவின் கான்ஸ்டன்டைன், அரபு மருத்துவ நூல்களை இலத்தீனுக்கு மாற்றியபோது, இதற்கு அருவியைக் குறிக்கும் ‘கேட்டரேக்டா’ என்ற சொல்லை இட்டார். இன்று மருத்துவமனைச் சீட்டில் நாம் காணும் ‘கேட்டராக்ட்’ அங்கிருந்து வந்தது.

ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறிஸ்தவ அறிஞர், கண்ணைப் பற்றிப் பத்துக் கட்டுரைகள் கொண்ட நூலை இயற்றினார். அதன்பின் அலீ இப்னு ஈஸா என்ற கண் மருத்துவர் ‘தத்கிரத்துல் கஹ்ஹாலீன்’ என்ற கையேட்டை எழுதினார். பல நூற்றாண்டுகள் மாணவர்கள் அதைப் படித்தார்கள். கண் மருத்துவருக்கு அரபியில் ‘கஹ்ஹால்’ என்று பெயர். நாம் இடும் சுர்மாவைக் குறிக்கும் ‘குஹ்ல்’ என்ற சொல்லின் வேரே அதற்கும் வேர்.

இவர்களுள் கருவி வரலாற்றுக்கு முதன்மையானவர் அம்மார் இப்னு அலீ அல்மவ்ஸிலி. இராக்கின் மோஸுல் நகரத்தவர். பல ஊர்களில் மருத்துவம் செய்து, எகிப்தை அடைந்து, ஃபாத்திமிய ஆட்சியாளர் அல்ஹாகிமின் காலத்தில் (கி.பி. 996–1021) தம் நூலை எழுதினார். உள்ளே துளையுள்ள உலோக ஊசி ஒன்றை அவர் பயன்படுத்தினார். அதைக் கண்ணுக்குள் செலுத்தி, மென்மையான புரையை உறிஞ்சி வெளியேற்றினார். தள்ளிவிட்ட புரை மேலெழும்பி வரும் அபாயம் இதில் இல்லை. தாம் செய்த அறுவைகள் சிலவற்றை, தோல்வியையும் மறைக்காமல், நோயாளி வாரியாகப் பதிவு செய்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியக் கண் மருத்துவ வரலாற்றாசிரியர் யூலியுஸ் ஹிர்ஷ்பர்க் இந்நூலை மொழிபெயர்த்து, உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். ஏறத்தாழ அம்மாரின் காலத்திலேயே அந்தலுஸில் வாழ்ந்த அபுல்காஸிம் அஸ்ஸஹ்ராவி, இராக்கில் இத்தகைய துளை ஊசி செய்யப்படுவதாகக் கேள்விப்பட்டதையும், தம் நாட்டில் அதைக் காணவில்லை என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்.

பெருமையோடு ஓர் உண்மையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். புரை என்பது வில்லைக்கு முன்னால் உறைந்த நீர் என்ற நம் முன்னோரின் கருத்து தவறானது. மங்கிப்போன வில்லையே புரை என்பதை 1705இல் பிரெஞ்சு மருத்துவர் பிரிசோ, இறந்த ஒருவரின் கண்ணை அறுத்துப் பார்த்து நிறுவினார். கடினமான புரையைத் துளை ஊசியால் உறிஞ்சவும் இயலாது. ஆகவே அம்மாரின் முறை பரவலாக நிலைக்கவில்லை. பழைய தள்ளும் ஊசியே தொடர்ந்தது.

சந்தையைக் கண்காணித்தவர்கள்

கண் மருத்துவம் அன்றும் ஒரு வணிகமாகவே இருந்தது. ஊர் ஊராகச் சென்று கண்மருந்து விற்பவர்கள் இருந்தார்கள். சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிப் என்ற அதிகாரிக்காக, ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ எழுதிய வழிகாட்டி நூலில் கண் மருத்துவர்களைப் பற்றிய பகுதியும் உண்டு. ஹுனைனின் பத்துக் கட்டுரைகளில் தேர்வு வைத்து, தேறியவருக்கே நோயாளியின் கண்ணைத் தொட அனுமதி அளிக்க வேண்டும் என்பது அதன் நெறி. தெருவில் திரியும் கண்மருந்து வணிகர்களை நம்ப வேண்டாம் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. அளவையும் எடையையும் சோதித்த அதே அதிகாரியின் பொறுப்பில் கண்ணும் இருந்தது.

மறுபுறம் வக்ஃபு இருந்தது. ஹிஜ்ரி 683இல் (கி.பி. 1284) கெய்ரோவில் ஸுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனையில் கண் நோயாளிகளுக்குத் தனிப் பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. வக்ஃபுச் சொத்துகளின் வருவாயால் செல்வர், ஏழை என்ற வேறுபாடின்றிச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அவ்விடத்தில் பிற்காலத்தில் எழுந்ததும் ஒரு கண் மருத்துவமனையே.

மணல் மூட்டையும் தடித்த கண்ணாடியும்

1747இல் பிரான்ஸின் ஜாக் தாவியெல், புரையைத் தள்ளிவிடாமல் கண்ணைக் கீறி வெளியே எடுத்தார். கண்புரை மருத்துவத்தின் திசை அதன்பின் மாறியது. நம் மண்ணிலும் இதன் அலைகள் எட்டின. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் காலத்தில் கண் நோயாளிகளின் விவரங்கள் படங்களுடன் பதிவு செய்யப்பட்டு, சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. 1819இல் சென்னையில் கண் மருத்துவமனை தொடங்கப்பட்டது.

எனினும் நோயாளியின் படுக்கை நெடுங்காலம் மாறவில்லை. பெரிய கீறல் ஆறும் வரை அசையக் கூடாது. தலையின் இருபுறமும் மணல் மூட்டைகளை வைத்துப் படுக்க வைப்பார்கள். 1980களில் என் நன்னா ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமில் அறுவை செய்துகொண்டார். தரையில் வரிசையாகக் கிடந்தவர்களில் ஒருவராக, கண் இமைகளால் சைகை செய்து தொழுதார். திரும்பி வந்தபோது அவருக்கு ‘சோடாபுட்டி’க் கண்ணாடி கொடுத்திருந்தார்கள். வில்லை இல்லாத கண்ணுக்கு அத்தனை தடித்த கண்ணாடி தேவை. அதில் எல்லாம் பெரிதாகவும் வளைந்தும் தெரியும். அது உடைந்தபின் இன்னொன்று வாங்கும் வரை நன்னா மீண்டும் குருடராகவே இருந்தார். அக்காட்சியைத் தம் கண்ணால் கண்டவர் என் உம்மா. அவர் மறுத்ததற்கு மார்க்கம் மட்டும் காரணமல்ல என்பது எனக்குப் பின்னரே புரிந்தது.

விமானத்தின் கண்ணாடித் துகள்

எடுத்த வில்லைக்கு ஈடாக இன்னொரு வில்லையை உள்ளே வைக்கலாம் என்று துணிந்தவர் இலண்டன் மருத்துவர் ஹரோல்டு ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் 1940ஆம் ஆண்டு காயமுற்ற போர் விமானி கார்டன் கிளீவரின் கண்களில், விமான மூடியின் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் துகள்கள் புகுந்திருந்தன. அப்பொருளைக் கண் பகைக்கவில்லை என்பதை ரிட்லி கவனித்தார். புரையை எடுத்த இடத்தில் புது வில்லை வைக்க மாட்டீர்களா என்று ஒரு மாணவர் கேட்ட கேள்வியும் அவரைத் தூண்டியது. ரேனர் நிறுவனம் செய்து கொடுத்த வில்லையைக் கொண்டு, 1949 நவம்பர் 29 அன்று செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் அறுவையைத் தொடங்கினார். சக மருத்துவர்கள் பலர் அவரை எதிர்த்தார்கள். வில்லை இடம் பெயர்தல் போன்ற தொல்லைகளும் நேர்ந்தன. அமெரிக்க அரசு இத்தகைய வில்லைக்கு ஒப்புதல் அளித்தது 1981இல்தான்.

நியூயார்க் மருத்துவர் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவர் பற்களைத் துப்புரவு செய்யும் மீயொலிக் கருவியிலிருந்து கருத்தைப் பெற்று, 1967இல் புதிய முறை ஒன்றை நடைமுறைப்படுத்தினார். நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிரும் துளை ஊசி, கடினமான புரையையும் உடைத்துக் கூழாக்கி உறிஞ்சிவிடும். இன்று ‘ஃபேக்கோ’ என்று அறியப்படுவது இதுவே. அம்மாரின் ஊசியால் இயலாததை, மின்சாரம் பெற்ற ஊசி நிறைவேற்றியது. 1984இல் தாமஸ் மசாக்கோ மடிக்கக்கூடிய வில்லையைப் பொருத்தினார். மடித்த வில்லை நுழைய மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான கீறலே போதும். தையல் வேண்டியதில்லை. மணல் மூட்டைக்கும் வேலையில்லை.

மதுரையில் இறங்கிய விலை

வில்லை வந்துவிட்டது. ஏழைக்கு வந்து சேர்ந்ததா? 1990களின் தொடக்கம் வரை இந்தியாவுக்கு வில்லைகள் பெரும்பாலும் இறக்குமதியாயின. ஒன்றின் விலை 100 டாலர் அளவில் இருந்தது. ஆகவே செல்வர் கண்ணுக்கு வில்லையும், ஏழையின் கண்ணுக்குச் சோடாபுட்டியும் கிடைத்தன.

பணி ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியிருந்தார். கட்டணம் செலுத்துவோரின் பணத்தில் செலுத்த இயலாதோருக்கும் சிகிச்சை என்பது அதன் முறை. 1992இல் அதன் துணை அமைப்பாக ஆரோலேப் தோன்றி, வில்லைகளை மதுரையிலேயே செய்யத் தொடங்கியது. விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. பின்னர் அதற்கும் கீழே சென்றது. இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அவ்வில்லைகள் செல்கின்றன. வேறு பல இந்திய நிறுவனங்களும் இத்துறையில் இறங்கின.

அரசும் துணை நின்றது. பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976இல் தொடங்கப்பட்டது. 1994 முதல் 2002 வரை உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழ்நாடு உள்ளிட்ட 7 மாநிலங்களில் கண்புரைத் திட்டம் நடந்தது. அதன் பயனாக, அபூர்வமாக இருந்த வில்லை பொருத்தும் அறுவை சில ஆண்டுகளிலேயே பொது நடைமுறையாயிற்று. இன்று நாட்டில் ஆண்டுக்கு 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கண்புரை அறுவைகள் நடைபெறுகின்றன. ஆயினும் 2015–19 தேசிய ஆய்வின்படி, 50 வயதைக் கடந்தோரின் பார்வையிழப்பில் 66 விழுக்காட்டுக்குக் கண்புரையே காரணம். முதியோர் தொகை பெருகுவதால் தேவையும் பெருகுகிறது. வில்லை, ஃபேக்கோ இயந்திரம், நுண்ணோக்கி, கத்தி, கண்ணுக்குள் செலுத்தும் பசைத் திரவம் என அனைத்துக்கும் விரிந்த சந்தை உருவாகிவிட்டது. அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் நாடுகளின் பெருநிறுவனங்களும் இங்கே போட்டியிடுகின்றன.

விலைப்பட்டியலின் முன்

உம்மா ஒருவழியாக இணங்கினார். ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். பரிசோதனைக்குப் பின் ஓர் இளம்பெண் எங்கள் முன் விலைப்பட்டியலை விரித்தார். வில்லை மாறமாறத் தொகை சில ஆயிரங்களிலிருந்து இலட்சத்தை நெருங்கியது. மேல்விலை வில்லையே ‘நல்லது’ என்று மீண்டும் மீண்டும் கூறினார். உம்மா கேட்டார்: “மகளே, விலை குறைந்ததை வைத்தால் எனக்குக் குர்ஆன் எழுத்து தெரியாதா?” அப்பெண் சற்றுத் தயங்கி, “படிக்கும்போது மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும், பாட்டி” என்றார். “அதை நான் நாற்பது வருடமாகப் போடுகிறேனே” என்றார் உம்மா.

அந்த ஓர் உரையாடலில் இச்சந்தையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. ஒற்றைத் தொலைவு வில்லை தெளிவான பார்வையைத் தரும். படிக்கக் கண்ணாடி வேண்டும். பல தொலைவு வில்லை கண்ணாடியின் தேவையைக் குறைக்கும். ஆனால் சிலருக்கு இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவளையம் தோன்றும். விழியின் வளைவில் கோணல் உள்ளவருக்கென்று தனி வில்லை உண்டு. எது தேவை என்பதை முடிவு செய்ய வேண்டியது நோயாளியின் கண்ணும் வாழ்க்கை முறையும்தான். இவற்றை மருத்துவரிடமே கேட்டுத் தெளிவது நம் உரிமை. குறையையும் விளக்கி விற்பது வணிகனின் அமானிதம் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது.

முஹ்தஸிபின் இடத்தில் இன்று சட்டம் இருக்கிறது. கண்ணுள் பொருத்தும் வில்லையை 2005இலேயே மத்திய அரசு மருந்துச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 2018 முதல் மருத்துவக் கருவிகளுக்கான தனி விதிகள் நடைமுறையில் உள்ளன. வில்லைப் பெட்டியின் மீது அதிகபட்ச விலையும் வரிசை எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். அந்த ஒட்டுச்சீட்டைக் கேட்டு வாங்கி, மருத்துவ ஆவணங்களுடன் பாதுகாத்து வையுங்கள். அரசு மருத்துவமனைகளில் இந்த அறுவையும் வில்லையும் இலவசமாகக் கிடைக்கின்றன என்பதையும் மறவாதீர்கள்.

உம்மாவுக்குச் சொன்ன விடை

அறுவை அரைமணி நேரத்துக்குள் முடிந்தது. அன்று மாலையே உம்மா வீடு திரும்பினார். குனிவதைச் சில நாட்கள் தவிர்க்குமாறும், கண்ணில் நீர் படாமல் பார்த்துக்கொள்ளுமாறும் மருத்துவர் சொன்னார். நாற்காலியில் அமர்ந்து சைகையால் தொழுதார். ஒளுவின்போது கண்பகுதியை எவ்வாறு கையாள்வது என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் சட்டங்கள் சற்று வேறுபடும். ஆகவே அறுவைக்கு முன்பே மருத்துவரின் அறிவுரையைக் கேட்டுக்கொண்டு, உங்கள் ஊர் ஆலிமிடம் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பின்னர் நாளொன்று வந்தது, மருத்துவர் அனுமதித்தார், உம்மா நெற்றியைத் தரையில் வைத்தார். அல்ஹம்து லில்லாஹ்.

இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் தெரிவைக் குறை கூற நமக்குத் தகுதியில்லை. அவர்கள் முன் வைக்கப்பட்டது நிச்சயமற்ற ஊசியும் ஏழு நாள் படுக்கையும். நம் முன் உள்ளது வேறு. மருத்துவம் தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் நம்மை ஏவியிருக்கிறார்கள். பொறுமைக்கான நற்செய்தி, பார்வையை இழந்தவருக்கு ஆறுதல். மீட்கக்கூடிய பார்வையைக் கைவிடுவதற்கு அதை ஆதாரமாக்கலாகாது. உம்மா தயங்கிக் கழித்த ஈராண்டுகளில் ஒளுச் செய்யும் இடத்தில் ஒருமுறை வழுக்கி விழுந்தார். அந்த ஈராண்டுகளுக்கு என் அரைகுறைப் பாடமும் ஒரு காரணம். இப்போது அந்நிகழ்வைச் சொல்லும்போது அடுத்த பக்கத்தையும் சேர்த்தே நடத்துகிறேன்.

நம் மஹல்லாவில் சுவரைத் தடவிப் பள்ளிக்கு வரும் முதியவர்களை எண்ணிப் பாருங்கள். வீட்டை விட்டு வெளியே வராத பாட்டிமார்கள் அவர்களைவிட அதிகம். ஜமாஅத்துகள் ஆண்டுக்கொருமுறை அவர்களைக் கணக்கெடுத்து, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம். துணைக்கு ஓர் இளைஞரும், வண்டிக்கும் சொட்டுமருந்துக்கும் பைத்துல்மாலிலிருந்து சிறு தொகையும் போதும். கலாவூனின் வக்ஃபு செய்த பணியில் ஒரு துளியேனும் நம் கையால் நிகழட்டும்.

அல்லாஹ் நம் பெற்றோரின் பார்வையைப் பாதுகாப்பானாக! அதை மீட்டுத்தரும் கரங்களுக்கும் அறிவுக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.